மந்திக்கரட்டுக்கு நம்பர் வாங்கிய கதை

ஊசிக்கல்பட்டியில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அங்கே அறிவு மூட்டை மூட்டையாக இருக்கிறது. புழக்கத்தில் விட்டால் தேய்ந்துபோகுமே என்று பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஓர் அமெச்சூர் ரேடியோ சங்கம் உண்டு. பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, மொட்டைமாடியில் கம்பி கட்டி, முன்பின் தெரியாத ஆட்களோடு ஆகாயம் வழியாகப் பேசுகிற பொழுதுபோக்கு அது. பேசுவதற்கு விஷயம் ஒன்றும் பெரிதாக இருக்காது. "நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா?" என்று விசாரித்துக்கொள்வதற்காகவே உலகம் முழுக்கப் பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

சங்கத்தில் உறுப்பினர்கள் நான்கு பேர். தலைவர் தவமணி மைக்செட் வாடகைக்கு விடுபவர். சத்தம் சம்பந்தப்பட்ட எதுவும் தனக்கு அத்துப்படி என்ற தெம்பு அவருக்கு. ஞானப்பிரகாசம் டியூஷன் வாத்தியார். எந்தச் சிக்கலையும் கணக்காக மாற்றி, அதைப் பிழையில்லாமல் போட்டு, தப்பான விடையோடு வந்து நிற்பார். மாயழகு எலக்ட்ரீசியன், வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, ஆனால் வாயிலிருந்து வார்த்தை வருவது அபூர்வம். நான்காவது ஆள் செயலாளர் பொன்னுரங்கம், பம்ப்செட் ரிப்பேர் கடைக்காரர். இந்தக் கதையில் வயிற்றெரிச்சல் முழுக்க அவருடையது.

லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து பொன்னுரங்கம் தினமும் சாயங்காலம் மாடி அறையில் உட்கார்ந்து, "சிக்யூ, சிக்யூ, யாராவது கேட்கிறீர்களா?" என்று கூப்பிடுவார். ஒருவர் தவறாமல் பதில் சொல்வார். அது அடுத்த தெருவில் இருக்கும் தவமணி. கொஞ்சம் உரக்கப் பேசினால் பெட்டியே இல்லாமல் கேட்கும் தூரம். ஜப்பான்காரரும் ஜெர்மன்காரரும் சிரித்துப் பேசிக்கொள்வது பொன்னுரங்கம் காதில் விழும். நடுவில் இவர் குரல் கொடுத்தால் அவர்கள் காதில் விழாது. பந்தியில் உட்காரப்போய் இடமில்லாமல் திரும்பி வந்தவர் மாதிரி இருக்கும் அவருக்கு.

அவர் மனைவி தெய்வானைக்கு வேறு கவலை.

"ஏங்க, மாடி பூரா உங்க கம்பி. வடகம் காயப்போட ஒரு சாண் இடமில்ல. பங்குனி வெயிலை வீணாக்க என்னால முடியாது. மாசி முடியறவரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள ஒரே ஒரு வெளிநாட்டுக்காரன் உங்ககூடப் பேசட்டும், நானே அந்தப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறேன். இல்லேன்னா பெட்டி பரணுக்கு, கம்பி துணி காயப்போட."

தெய்வானை சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. முன்பு ஒரு தடவை இதே குரலில் சொல்லித்தான் பொன்னுரங்கத்தின் பழைய புல்லட் கைமாறியது.

இப்படி இவர் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் குன்னூரிலிருந்து ஹெப்சிபா மேடம் போன் செய்தார். மலையுச்சி வானொலிக் கழகம் என்று ஓர் அமைப்பு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறி உச்சியிலிருந்து பேசுகிறவர்களுக்கும், அவர்களைத் தேடிப்பிடித்துப் பேசுகிறவர்களுக்கும் அது புள்ளிகள் தருகிறது. எந்த மலைக்கும் முதலில் கழகத்தின் வரைபடத்தில் இடமும் நம்பரும் வேண்டும். மேடம் அதற்குத் தென்பகுதிப் பொறுப்பாளர்.

"உங்க பக்கத்து மலைகளை இன்னும் யாருமே மேப் பண்ணலை சார். நீங்க பண்ணிக் கொடுங்களேன். நம்பர் மட்டும் கிடைச்சுட்டா, உச்சியிலேர்ந்து ஒரு குரல் கொடுத்தாப் போதும், உலகமே வரிசை கட்டி நிக்கும்."

உலகமே வரிசை கட்டி நிற்கும் என்றதும் பொன்னுரங்கத்துக்குப் புல்லரித்துவிட்டது. "மேடம், மலையுச்சியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தப்பாக மேப் செய்துவிடக் கூடாதல்லவா?

மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சிம்பிள் சார். நீங்க நிக்கிற இடத்திலேர்ந்து எந்தப் பக்கம் போனாலும் இறக்கமாத்தான் இருக்கணும். அதான் உச்சி."

மறுநாளே நால்வரும் வேலையில் இறங்கினார்கள். பொன்னுரங்கத்தின் மொட்டைமாடியில் நின்று பார்த்தார்கள். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் கீழேதான் போகும்போல இருந்தது. மாயழகு ஒரு பக்கம் வைத்தே பார்த்துவிட்டான். நல்லவேளை, கீழே வைக்கோல் கிடந்தது. அதன்பின் ஊர்த் தண்ணீர் தொட்டி, கரும்பு லாரியின் மேல்பாகம், தவமணி அடுக்கி வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டிகள் என்று சாயங்காலத்துக்குள் ஒரு மலைத்தொடரையே கண்டுபிடித்து மேடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

மேடம் பட்டியலை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிறகு, "இயற்கையா இருக்கற மலை சார். சுத்துவட்டாரத்தைவிட நூத்தைம்பது மீட்டராவது உயரமா இருக்கணும்" என்றார்.

அப்படிப் பார்த்தால் ஊருக்கு மேற்கே இருக்கிற மந்திக்கரடு ஒன்றுதான். மொட்டைப் பாறையும் சப்பாத்திக்கள்ளியுமாக ஒரு குன்று. அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கணவாய், அதைத் தாண்டினால் பெரிய மலை. பொன்னுரங்கம் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது தன் மானத்தைக் காப்பாற்றும் என்று அன்றுவரை அவருக்குத் தோன்றியதில்லை.

இவர்கள் கிளம்புமுன் மேடம் போனில் இரண்டு விதிகளைச் சொன்னார். ஒன்று, மலைக்குப் போகிறவர்கள் மோட்டார் உதவி இல்லாமல் சொந்த உடம்பின் பலத்தில்தான் ஏற வேண்டும். இரண்டு, உச்சியைக் கண்டபடியே விட்டுவிட்டு வர வேண்டும்.

முதல் விதியை ஒட்டி மைக்செட் வேனுக்குப் பக்கத்தில் கூட்டம் நடந்தது.

"மலையடி வரைக்கும் வேன்ல போயிரலாம்" என்றார் தவமணி.

"போகலாம் தலைவரே. ஆனா மோட்டார் கூடாது" என்றார் ஞானப்பிரகாசம்.

"வேன்ல மோட்டார் இருக்கே?"

"இருக்கட்டும். அது நமக்கு உதவக் கூடாது. அவ்வளவுதான் விதி."

ஆக, என்ஜினை அணைத்துவிட்டு வேனை மலையடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். தவமணி உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். யாராவது பிடித்துத்தானே ஆக வேண்டும். வழியில் கரும்பு வெட்டப் போன ஆட்கள் பரிதாபப்பட்டு ஒரு கை கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே பாலம் தாண்டியதும்தான் பொன்னுரங்கத்துக்கு உறைத்தது. "சொந்த பலம்னுல்ல சொன்னாங்க? இது கரும்பு வெட்டுறவங்க பலமாச்சே?" நால்வரும் மனசாட்சிக்குப் பயந்தவர்கள். வேனைத் திரும்பவும் அவர்கள் கைகொடுத்த இடத்துக்கே பின்னால் தள்ளிக்கொண்டு வந்து, அங்கிருந்து தாங்களே தள்ளினார்கள்.

மலையடியை அடைந்தபோது, வேனில் வந்த தவமணியைத் தவிர மற்ற மூவருக்கும் நாக்கு தள்ளிவிட்டது. ஏற்றத்தில் பாதிக்கு மேல் வந்ததும் தவமணிக்கும் தள்ளிவிட்டது. அவர் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் உச்சிக்குப் போய்விட்டு வந்து, உச்சி அங்கேதான் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று தகவல் சொன்னார்கள். அளவெடுக்கும் ஜிபிஎஸ் கருவி தலைவரிடம் இருந்தது. அளவைத் தலைவர்தான் எடுக்க வேண்டும் என்பது மரபு. எனவே அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே மலையின் உயரம் அளக்கப்பட்டது.

உச்சியில் ஓர் ஆடு படுத்திருந்ததை மாயழகு பார்த்திருந்தான். இவர்களைக் கண்டதும் அது எழுந்து இறங்கிப் போய்விட்டது. இரண்டாவது விதி நினைவிருக்கிறதல்லவா? கண்டபடியே விட்டுவிட்டு வர வேண்டும். அந்த ஆட்டைத் துரத்திப் பிடித்து, உச்சிக்குத் தூக்கிப்போய், படுத்திருந்த இடத்திலேயே படுக்க வைத்தான் மாயழகு. வைத்துவிட்டுத் திரும்பினால் அது எழுந்து நிற்கும். "படுத்துத்தான் இருந்துச்சா, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று தவமணி கீழே இருந்து கத்தினார். "படுத்துத்தாண்ணே இருந்துச்சு. மூஞ்சி கிழக்க பார்த்து." கடைசியில் ஆட்டுக்குத் தூக்கம் வரும்வரை மாயழகு அதன் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

அடுத்து கணவாய்க்கு இறங்கி அங்கேயும் அளந்தார்கள். உச்சியிலிருந்து அதுவரைக்கும் எவ்வளவு இறக்கம் என்பதுதான் மலையின் தகுதி என்று மேடம் விளக்கியிருந்தார். ஞானப்பிரகாசம் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். நூற்று நாற்பத்தேழு.

பொன்னுரங்கத்தின் முகம் விழுந்துவிட்டது. மூன்று மீட்டர் போதவில்லை. மாசியோ பாதி முடிந்துவிட்டது. மொட்டைமாடியில் கம்பி இருந்த இடத்தில் வேட்டியும் உள்பாவாடையும் ஆடுவது அவர் கண்முன் தெரிந்தது. "பரவாயில்லைங்க, விடுங்க" என்றார்.

"இரும்யா" என்றார் ஞானப்பிரகாசம். "இது கழித்தல் கணக்கு. மேல இருக்கிற எண்ணைக் கூட்ட நம்மால முடியாது. கீழ இருக்கிற எண்ணைக் குறைக்கலாமே?"

"புரியலையே."

"மலையை உசத்த முடியாது. பள்ளத்தை இறக்கலாம்."

இதைக் கேட்டதும் தவமணி எழுந்து வந்து வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படிப்பட்ட மூளை டியூஷன் எடுத்து வீணாகிறதே என்று பொன்னுரங்கம் நெகிழ்ந்துபோனார்.

மண்வெட்டியும் கடப்பாரையும் வந்தன. கணவாயின் நடுவில் தோண்டத் தொடங்கினார்கள். தோண்டிய மண்ணைப் பக்கத்தில் கொட்டினால் பக்கம் உயர்ந்துவிடும், பிறகு அதுவும் கணக்கில் இடிக்கும் என்று ஞானப்பிரகாசம் தடுத்தார். ஆகவே மண்ணையெல்லாம் கூடை கூடையாகச் சுமந்துபோய் வேனில் ஏற்றினார்கள். வேன் கழுத்துவரை நிரம்பியதும் ஊருக்குத் தள்ளிப்போய், தவமணியின் வீட்டுக் கொல்லையில் கொட்டி, மறுபடி தள்ளிக்கொண்டு வந்தார்கள். மோட்டாரை ஒருவரும் தொடவில்லை. இரண்டாவது நாள் ஓர் இறக்கத்தில் வேன் தானாகவே ஓடியபோது மட்டும் ஒரு விவாதம் நடந்தது.

"இது யாரு பலம்?" என்றார் பொன்னுரங்கம் கவலையோடு.

"பூமியோட பலம். மோட்டார் இல்ல. ஆட்சேபணை இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார் ஞானப்பிரகாசம். வேன் அதற்குள் ஒரு வாழைத்தோட்டத்துக்குள் போயிருந்தது. தீர்ப்பைக் கேட்கத் தவமணி வேனுக்குள் இருந்தார். ஆனால் அப்போது அவர் கேட்கிற நிலையில் இல்லை.

குழி ஆழமாகி, மாயழகு உள்ளே இறங்கி நின்றால் தலைகூடத் தெரியாத அளவுக்கு வந்தது. கருவியைத் தரையில் வைத்துப் பார்த்து, உச்சிக் கணக்கிலிருந்து கழித்தான். "நூத்தைம்பது!" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. பொன்னுரங்கம் தவமணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் மாயழகைக் குழியிலிருந்து தூக்கிவிட வேண்டும் என்பது கொஞ்ச நேரம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

விவரங்களைப் படத்தோடு அனுப்பினார்கள். மறுநாள் மேடம் கூப்பிட்டார். குரலில் ஒரு நடுக்கம். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"சார், நான் சாட்டிலைட் படத்துல பார்த்துட்டேன். உங்க மலை நீங்க சொன்னதைவிட ரொம்பவே உயரம். தோண்டியிருக்கவே வேணாம். அந்தக் குழியை யாராவது விழறதுக்குள்ள மூடிடுங்க, ப்ளீஸ். நம்பர் இந்த வாரமே வந்துடும். ஞாயித்துக்கிழமை காலையில மந்திக்கரடு முதல் தடவையா வானொலியில வரப்போகுதுன்னு எல்லா நாட்டுக்கும் நான் சொல்லிடறேன்."

கொல்லையில் கொட்டிய மண் வேனில் ஏறியது, வேன் தள்ளப்பட்டது, குழி மூடப்பட்டது. மண்ணில் பாதியைத் தவமணியின் மனைவி அதற்குள் பூந்தொட்டிகளில் போட்டுவிட்டதால், ரோஜாச் செடிகளும் கணவாய்க்குப் போக வேண்டி வந்தது. அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அதை விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை. மாசி மாதத்தின் கடைசி ஞாயிறு. பொன்னுரங்கம் தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மலையேறினார். மாயழகு பேட்டரியைச் சுமந்தான். இந்தத் தடவை தவமணியும் மூச்சிரைக்க உச்சிவரை வந்துவிட்டார். கம்பி கட்டியாயிற்று, பெட்டியில் விளக்கு எரிந்தது. பொன்னுரங்கம் மைக்கைச் சட்டை நுனியால் ஒரு தடவை துடைத்துக் கையில் எடுத்தார். இத்தனை வருஷமாக யாரும் பதில் சொல்லாத குரலுக்கு இன்றைக்கு உலகம் பதில் சொல்லப்போகிறது. தொடங்குமுன் மரியாதைக்காக மேடத்துக்கு ஒரு போன் போட்டார்.

"வாழ்த்துகள் சார்! ஒண்ணே ஒண்ணு மறந்துடாதீங்க. மேல இருக்கறவங்க தங்களுக்குள்ள பேசிக்கிட்டா செல்லாது. கீழ இருக்கற நாலு ஸ்டேஷனோடயாவது பேசினாத்தான் மலை கணக்குல சேரும்" என்றார் மேடம்.

போனை வைத்ததும் ஞானப்பிரகாசத்தின் நெற்றி சுருங்கியது. சுருங்கினால் ஒரு கணக்கு வருகிறது என்று அர்த்தம்.

"கீழ நாலு ஸ்டேஷன் வேணும். ஸ்டேஷன்னா பெட்டியோட ஒரு ஆளு. நம்ம சங்கத்துல மொத்தம் எத்தனை ஸ்டேஷன்?"

"நாலு" என்றார் தவமணி.

"அந்த நாலும் இப்ப எங்க இருக்கு?"

"மேல."

"அப்பக் கீழ எத்தனை?"

தவமணி எட்டிக் கீழே பார்த்தார். ஊர் தெரிந்தது, தன் வீடு தெரிந்தது, ரோஜாத் தொட்டிகள் இல்லாத கொல்லையும் தெரிந்தது. "ஒண்ணுமில்லையே!" என்றார் திகைத்துப்போய்.

"நாலு பேரும் கீழ போனாத்தான் கணக்கு நேராகும்."

மாயழகு வாயைத் திறந்தான். "அப்ப மேல யாரு?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஏதோ சரியான கேள்விபோலத்தான் ஒரு கணம் பட்டது. நல்லவேளையாகத் தலைவர் இருந்தார்.

"என்னடா கேள்வி இது? மேல மலை இருக்குல்ல? நம்பர் உனக்கா குடுத்தாங்க, எனக்கா குடுத்தாங்க? மலைக்குக் குடுத்தாங்க. மலைதான் பேசணும்."

பொன்னுரங்கத்துக்கு மைக்கைக் கீழே வைக்க மனசு வரவில்லை. "பெட்டியையாவது இங்க விட்டுட்டுப் போவோமா அண்ணே?" என்று கெஞ்சலாகக் கேட்டார்.

"நாம வந்தப்ப இங்க பெட்டி இருந்துச்சா?"

"இல்ல."

"கண்டபடியே விட்டுட்டு வரணும்னு சொன்னாங்களா இல்லையா?"

சொன்னார்கள்தான். விதி விதிதான். பொன்னுரங்கம் கம்பியைச் சுருட்டினார். கீழே இருக்கப்போகிற நான்கு ஸ்டேஷனில் தன்னுடையதும் ஒன்று, மந்திக்கரடு வாயைத் திறந்தால் முதல் வார்த்தை ஒருவேளை தன்னிடமே பேசும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மளமளவென்று இறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாடி அறைக்கு ஓடிப் பெட்டியைப் போட்டார். மற்ற மூவரும் அவரவர் வீட்டில் தயாராக உட்கார்ந்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டால் செல்லாது என்பதால் ஒருவருக்கொருவர் கண்டுகொள்வதில்லை என்று ஏற்பாடு.

பொன்னுரங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மந்திக்கரடு, மந்திக்கரடு, பொன்னுரங்கம் கூப்பிடுகிறேன். கேட்கிறதா? ஓவர்."

ஓர் இரைச்சல். பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஒரு கனத்த குரல் தெளிவாக வந்தது. இங்கிலீஷ்தான், ஆனால் எந்த நாட்டு இங்கிலீஷோ.

"மாண்டிகராடு! கேட்கிறது, அருமையாகக் கேட்கிறது! நான் ஸ்லோவேனியாவிலிருந்து யானெஸ். இந்த அலைவரிசையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காலையிலிருந்து உங்கள் குரலுக்காகத்தான் காத்திருக்கிறோம் நண்பரே!"

பொன்னுரங்கம் முகத்தைச் சுளித்தார். மைக்கை எடுத்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஐயா, நான் மலை இல்லை. நாங்கள் மலைக்காகக் காத்திருக்கிறோம். தயவுசெய்து குறுக்கே பேச வேண்டாம்" என்றார்.

யானெஸ் விடவில்லை. உங்கள் பெயர் என்ன, ஊரில் வெயிலா மழையா என்று ஆசையாக விசாரித்தார். அவரை அடக்குவதற்குள் ஒரு ஜப்பான்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு ஜெர்மன்காரர், அவருக்குப் பின்னால் ஓர் இத்தாலிக்காரப் பெண்மணி. மேடம் சொன்னது பொய்யில்லை, உலகம் வரிசை கட்டித்தான் நின்றது. பொன்னுரங்கம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பணிவாக, ஆனால் கண்டிப்பாக, ஒதுங்கி நிற்கச் சொன்னார். நடுநடுவே தவமணியும் தன் மைக்செட் குரலில், "லைன் கிளியர், லைன் கிளியர், மலைக்கு வழி விடுங்க" என்று தமிழிலேயே அதட்டினார். உலகம் ஒருவழியாக அடங்கியது.

அப்போது தெய்வானை வடக மாவுத் தட்டோடு மாடிக்கு வந்தாள். அறை வாசலில் நின்று கொஞ்ச நேரமாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏங்க, இப்பப் பேசினது வெளிநாட்டுக்காரங்கதானே?"

"ஆமா. ஏழெட்டுப் பேரு. ஒரே தொந்தரவு. எல்லாரையும் அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டீங்களா? நீங்க இத்தனை வருஷமா எதுக்குய்யா இங்க உக்காந்து கத்துனீங்க?"

பொன்னுரங்கம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். ரேடியோ தெரியாதவளிடம் எப்படித்தான் விளக்குவது! "அவங்க என்கூடவா பேச வந்தாங்க தெய்வானை? மலைகூடப் பேச வந்தாங்க. அடுத்த வீட்டுக்கு வந்த விருந்தாளியை நம்ம வீட்டு இலையில உக்காத்தி வைக்கலாமா? அது நாகரிகமா?"

தெய்வானை அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, மேற்கே, வெயிலில் ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்த மந்திக்கரட்டையும் பார்த்தாள். பரணில் இடம் இருக்கிறதா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"சரிங்க. மலை பேசுச்சுன்னா நானும் கேட்டேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பியைக் கழற்ற மாடிப்பக்கம் போனாள்.

பொன்னுரங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் ரேடியோவில் தெய்வானை அக்கறை காட்டியது இதுதான் முதல் தடவை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தழுதழுத்த குரலில் சொன்னார்:

"மந்திக்கரடு, மந்திக்கரடு, எங்க வீட்டுக்காரி விசாரிச்சதாச் சொன்னா. ஓவர்."